பெறாத தாயர்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். புதிய ஊரில் வந்து இறங்கியவனுக்கு வேலைக்கும் வீட்டுக்கும் முன்னதாக வேண்டுவது ஒன்று உண்டு. அது, தனக்கு முன்பே அவ்வூரில் வந்து வேரூன்றிய ஒருவருடைய துணை. எந்தக் கடையில் நம் வாய்க்கேற்ற அரிசி கிடைக்கும், வீட்டுக்காரரிடம் எந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்ல வேண்டும், இருட்டிய பிறகு எந்தத் தெரு வழியே போகலாகாது என்பனவற்றை அவர் சொல்லித் தருகிறார். அவர் பெரும்பாலும் உறவினர் அல்லர். ஆயினும் அவரை அண்ணாச்சி என்றோ மாமா என்றோ அக்கா என்றோ அழைக்கிறோம். அப்படி அழைப்பதில் பொய் ஏதுமில்லை.

ஊர் மாறாமலே, பிறந்த வீட்டிலேயே வேற்றாளாகிவிடுகிற பிள்ளைகளும் உலகில் உண்டு. ஆண் என்று பெற்றோர் பெயரிட, உள்ளத்தால் பெண்ணாக வளரும் பிள்ளை ஒன்று. பெண் என்று பெயரிடப்பட்டும் தன்னை ஆணாகவே உணரும் பிள்ளை ஒன்று. தன் பாலாரிடத்திலேயே காதல் கொள்ளும் இளைஞனோ நங்கையோ மற்றொருவர். இவர்களுக்கு வீட்டில் உணவுண்டு, உடையுண்டு. ஆனால் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு சொல் இல்லை. தம்மைப் போன்ற ஒருவர் முன்பே வாழ்ந்து, முதுமையும் எய்தியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் இல்லை. இத்தகைய பிள்ளைக்கு வழி சொல்பவர் யார்? 'நீ பிழையாகப் பிறந்தவன் அல்லன்' என்று முதலில் சொல்பவர் யார்? இதனையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். இக்கேள்விக்கு ஐதராபாத் நகரம் நெடுங்காலமாக ஒரு விடையை வைத்திருக்கிறது. அந்த விடையைக் குற்றமென்று சாற்றிய சட்டமும் அதே நகரில்தான் பிறந்தது.

முதலில் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஐதராபாத்துக்குப் போவோம். அமெரிக்காவில் 2018 முதல் 2021 வரை 'போஸ்' என்ற நாடகம் மூன்று பருவங்களாக ஒளிபரப்பாயிற்று. கதை தொடங்குவது 1980-களின் இறுதியில், நியூயார்க் நகரில். டேமன் என்னும் இளைஞன் ஆடவரை விரும்புபவன் என்று தெரிந்ததும் பெற்றோர் அவனை வீட்டைவிட்டுத் துரத்துகின்றனர். பூங்காவின் இருக்கையில் உறங்கும் அவனைப் பிளாங்கா என்னும் திருநங்கை தம் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார். அவர் செல்வர் அல்லர்; அக்காலத்தில் போதிய மருந்தற்றதாயிருந்த எச்.ஐ.வி. நோய் தமக்கு வந்திருப்பதையும் அறிந்தவர். 'எஞ்சிய நாளில் எதையேனும் விட்டுச் செல்ல வேண்டும்' என்ற எண்ணத்தால் ஓர் இல்லத்தை நிறுவி, அதன் தாயாகிறார். டேமனுக்கு நாட்டியம் பயில ஆசை. நாட்டியப் பள்ளியின் தலைவியிடம் போய் நின்று, இவனுக்கு ஒரு வாய்ப்பு அளியுங்கள் என்று பிளாங்கா மன்றாடுகிறார். பெற்ற தாய் செய்யாததைப் பெறாத தாய் செய்கிறார்.

இந்நாடகத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிளாங்கா அன்பை மட்டும் பொழிவதில்லை, விதிகளும் வைக்கிறார். படிக்க வேண்டும், நேரத்தில் வீடு திரும்ப வேண்டும், போதைப் பொருள் கூடாது. தன்னைத் தான் ஏற்றுக்கொள்ளுதல் என்பது ஒரு நாள் கண்ணாடி முன் நின்று கண்ணீர் விடுவதோடு முடியும் காரியமன்று. அது நாள்தோறும் பழக வேண்டிய ஒழுக்கம் என்பதை நாடகம் காட்டுகிறது. பிளாங்காவையே முன்பு வளர்த்தவர் எலெக்ட்ரா என்னும் செருக்கு மிகுந்த மற்றொரு தாய். அவர் நிலை குலைந்து தெருவுக்கு வரும்போது, பழைய மகளாகிய பிளாங்காவே அவருக்குக் கைகொடுக்கிறார். அடைக்கலம் தந்த உறவு இவ்வாறு இருபுறமும் பாய்கிறது.

இல்லம், தாய், மகள் என்னும் இச்சொற்களைக் கேட்டவுடன் ஐதராபாத்து வாசிகளுக்கு வேறொன்று நினைவுக்கு வரக்கூடும். அங்கே ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையர் நெடுங்காலமாக இல்லங்களாகப் பிரிந்து வாழ்ந்து வருகின்றனர். மானிடவியலாளர் காயத்ரி ரெட்டி ஐதராபாத்தில் ஹிஜ்ராக்களிடையே தங்கி ஆராய்ந்து, 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இவ்வாழ்க்கையை விரிவாகக் கூறுகிறது. அங்குள்ள மரபுகள் இரண்டு: ஒன்று 'ஷெஹர்வாலா', அதாவது நகரத்தார், மற்றொன்று 'லஷ்கர்வாலா', அதாவது படையிடத்தார். லஷ்கர் என்று மக்கள் சொல்வது செகந்திராபாத்தை. ஆங்கிலேயரின் மதராஸ் படை வந்து தங்கியதால் அவ்வூருக்கு அப்பெயர் வாய்த்தது; அப்படையின் பின்னே வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். தமிழர் குடியேற்றத்தின் சுவடும் ஹிஜ்ராக்களின் மரபுப் பெயரும் ஒரே படைமுகாமில் பொருந்தியிருப்பது எண்ணத்தக்கது.

புதிதாக வருபவரை மூத்தவர் ஒருவர் தம் இல்லத்தின் பெயரில் சேர்த்துக்கொள்கிறார். அன்று முதல் அவர் குரு. வந்தவர் சேலா, அதாவது சீடர். ஒரே குருவின் சீடர்கள் தமக்குள் குருபாய்கள். சீடரின் சீடர் நாத்திசேலா, நம் வழக்கில் பேத்தி முறை. இஃதன்றிப் பாலுறவு என்று ஒன்றும் உண்டு. இரத்தத்தால் அல்லாமல், பாலைச் சாட்சியாக வைத்துத் தாய் மகள் ஆகும் உறவு அது. நம் தமிழ்நாட்டுத் திருநங்கையரிடத்திலும் ஜமாத் என்ற அமைப்பும், தாய் மகள் என்ற முறையும், பாட்டியை நானி என்றழைக்கும் வழக்கும் இருக்கின்றன.

குரு கற்பிப்பது என்ன? சேலை உடுத்தும் முறை, பெரியோரை வணங்கும் முறை, வீட்டு வேலை, விசேட வீடுகளில் வாழ்த்துப் பாடும் முறை, தமக்குள் மட்டும் வழங்கும் மறைமொழி, ஏளனம் செய்பவனை எப்போது பொறுப்பது, எப்போது கைதட்டி எதிர்ப்பது என்னும் விவேகம். இவை அனைத்துக்கும் மேலாக, இப்படியும் வாழலாம், நான் வாழ்ந்திருக்கிறேன் என்பதைத் தம் நரைத்த தலையாலேயே அவர் கற்பிக்கிறார். பதினைந்து வயதில் தன்னைத் தவிர உலகில் இப்படி யாருமில்லை என்று நடுங்கிய பிள்ளைக்கு, அறுபது வயது முகம் ஒன்றைக் காண்பதே பெரிய மருந்து.

இந்த உறவைத்தான் ஐதராபாத் அரசு குற்றமாக்கிற்று. 1871-இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. அதனை ஒட்டி, நிஜாம் உஸ்மான் அலி கான் ஆட்சியில், பசலி 1329-ஆம் ஆண்டு, அதாவது 1919-இல், ஐதராபாத்தில் ஒரு தனிச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி நகரிலுள்ள ஹிஜ்ராக்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவு பெற்றவர் பெண்ணுடையிலோ அணிகலனுடனோ தெருவில் தோன்றினால், பொது இடத்தில் ஆடினால், பாடினால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். மேலும், பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவன் அவர் வீட்டில் இருந்தாலே, அவர் பொறுப்பில் இருந்தாலே, இரண்டாண்டு வரை சிறை.

சிறுவர்களைக் கடத்துவதைத் தடுக்கவே இச்சட்டம் என்று சொல்லப்பட்டது. சிறுவர்களைக் காப்பது அரசின் கடமைதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கடத்தல் யார் செய்தாலும் குற்றமே. அதற்கு வேறு சட்டம் இருந்தது. இச்சட்டமோ செய்த செயலைக் கேட்கவில்லை. இன்னார் என்பதை மட்டும் கேட்டது. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைக்கு ஒரு திருநங்கை ஒரு கவளம் சோறிட்டு ஓர் இரவு இடம் தந்தாலும் அது சிறைக்குரிய செயலாயிற்று. துரத்திய பெற்றோருக்குத் தண்டனை இல்லை, ஏற்றுக்கொண்டவருக்குத் தண்டனை.

நிஜாம் ஆட்சி 1948-இல் முடிந்தது. அரசியல் சட்டம் வந்தது. மாநிலங்களின் எல்லைகள் மாறின. தெலுங்கானா தனி மாநிலமாயிற்று. இச்சட்டமோ பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஏட்டில் தங்கிவிட்டது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம், தம் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 6-இல், ஒரே பாலார் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று அறிவித்தது. அதே 2018-இல் வைஜயந்தி வசந்த மொக்லி என்னும் திருநங்கைச் செயற்பாட்டாளரும் பிறரும் ஐதராபாத்தில் உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2023 ஜூலையில் தலைமை நீதிபதி உஜ்ஜல் புயான், நீதிபதி சி.வி. பாஸ்கர் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. சமத்துவத்துக்கும் மானத்தோடு வாழும் உரிமைக்கும் அது முரணானது என்பது முடிவு. திருநருக்கு அரசின் ஓய்வூதியத் திட்டத்தை விரிவாக்கவும், கல்வியிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீடு செய்யவும் நீதிமன்றம் பணித்தது. 1919-இல் பிறந்த சட்டம் 104 ஆண்டுக்குப் பின் மறைந்தது.

அந்நகரில் மாற்றங்கள் சில கண்ணுக்குத் தெரிகின்றன. 2022-இன் இறுதியில் பிராச்சி ராத்தோட், ரூத் ஜான் பால் என்னும் இரு திருநங்கை மருத்துவர்கள் உஸ்மானியா பொது மருத்துவமனையில் அரசுப் பணியில் அமர்ந்தனர். 2024 டிசம்பரில் ஐதராபாத் காவல்துறை திருநர் 39 பேரைப் போக்குவரத்து உதவியாளராகப் பணியில் சேர்த்தது. நாற்சந்தியில் கைநீட்டி நின்றவரைக் கண்ட நகரம், அதே நாற்சந்தியில் கைகாட்டி வண்டிகளை நிறுத்துபவரையும் இப்போது காண்கிறது.

ஆயினும் குரு சீடர் முறையை நாம் குறையற்றதென்று போற்றிவிடலாகாது. அடைக்கலம் தரும் கையே சில இல்லங்களில் கணக்கும் எழுதுகிறது. சீடர் ஈட்டியதில் பங்கு குருவுக்குப் போக வேண்டும். இல்லம் மாற விரும்பினால் தண்டத் தொகை கட்ட வேண்டும். படிக்க விரும்பும் பிள்ளை கடைகேட்கச் செல்ல நேரிடுவதும் உண்டு. இக்குறையை வெளியார் சொல்வதைக் காட்டிலும் உள்ளிருந்து வந்தவர் சொல்வதே தகும். நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, தில்லிக்கும் பம்பாய்க்கும் போய்க் குருவைத் தேடியடைந்து, பின்னர்ப் பெங்களூரில் உரிமைப் பணியாற்றிய அ. ரேவதி தம் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். அது தமிழில் 'வெள்ளை மொழி' என்னும் பெயரில் வெளிவந்தது. அவரும் பிற மாநிலம் புகுந்த தமிழரே. உடன்பிறந்தார் தந்த அடியையும், குருமார் தந்த நிழலையும், அந்நிழலின் கட்டுப்பாட்டையும் அவர் ஒளிவின்றிச் சொல்கிறார். பின்னர்த் தாமே குருவாகிச் சீடர்களை ஏற்றபோது, அவர்களைத் தம் விருப்பப்படி வாழ விட்டதையும் சொல்கிறார். நல்ல ஆசிரியர்க்கு இலக்கணம் இதுவன்றோ? தம்மைக் கட்டிய கயிற்றைக் கொண்டே அடுத்தவரைக் கட்டாதிருத்தல்.

வழிகாட்டுபவர் அதே இனத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தோழி சக்தி உடனிருக்க, தஞ்சை நால்வர் மரபில் வந்த நாட்டியப் பேராசான் கிட்டப்பா பிள்ளையை அவர் அடைந்தார். அவருக்குப் பெரியவர் பரதத்தைக் கற்பித்தார். நர்த்தகி என்னும் பெயரையும் தந்தார். ஊர் இழிசொல்லால் அழைத்த ஒருவரை, ஆசிரியர் கலையின் பெயரால் அழைத்தார். 2019-இல் நாட்டின் பத்மஸ்ரீ விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. அப்பெரியவர் உரிமை, சட்டம் என்னும் சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தமக்குத் தெரிந்த வித்தையை, வந்தவர் இன்னார் என்று பாராமல் தந்தார்.

சீடராக அமர்வதும் ஒரு சிறப்பே. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், தம் அன்பைப் பெற்றோர் ஏற்காததால் சென்னைக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பை வேண்டினர். வழக்கை ஏற்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்கே முழுதும் விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே போய் அமர்ந்து கேட்டறிந்தார். இவ்வாழ்க்கையை வாழ்பவர்களோடும் பேசினார். தமக்கு விளக்கம் தந்தோரைக் குரு என்றே தம் தீர்ப்பில் குறிப்பிட்டார். இத்தகையோரை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யவும் ஆணையிட்டார். நீதிபதி ஒருவர் மாணவராகக்கூடுமெனின், வீட்டுப் பெரியவர்களாகிய நாம் மாணவராவதில் இழுக்கென்ன?

சட்டம் இன்னும் போக வேண்டிய தொலைவு உண்டு. திருநர் உரிமைக்காக 2019-இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டம், குடும்பம் என்பதற்கு இரத்தம், திருமணம், தத்து ஆகிய மூன்றையே அடிப்படையாக வைத்தது. பெற்றோரால் பேண இயலாத திருநர் பிள்ளையை மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழி செய்தது. குருவின் இல்லம் அதன் கண்ணில் படவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்ரவர்த்தி, அபய் டாங் என்னும் ஆடவர் இருவர், 2021-இல் உற்றார் முன்னிலையில் விழா எடுத்து இணைந்து, தம் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டி உச்ச நீதிமன்றம் சென்றனர். 2023 அக்டோபர் 17-இல் வந்த தீர்ப்பு அதனைத் தரவில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆனால் 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் தடுத்து வைத்திருந்த இளம்பெண்ணை அவருடைய தோழியோடு செல்ல விடுவித்தபோது, குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியன்று, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்று கூறிற்று. ஹிஜ்ராக்களின் வீடுகளில் பழகிப்போன செய்தி, நீதிமன்றத்தின் ஏட்டில் மெல்ல ஏறுகிறது.

இனி, நம் வீடுகளைப் பற்றி. பிற மாநிலத்துத் தமிழ்க் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்தால் அதன் பாடு இருமடங்கு. ஊரில் உள்ள உற்றார் என்ன சொல்வார் என்ற அச்சம் ஒருபுறம். குடியேறிய இடத்துத் தமிழ்ச் சங்கத்தார் என்ன சொல்வார் என்ற அச்சம் மறுபுறம். ஒரே தெருவில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கையில் மறைவிடம் ஏது? ஆகவே பெற்றோர் பிள்ளையின் வாயை மூடுகின்றனர். பிள்ளையோ தன் ஐயத்தை அண்டை மொழியில், கைப்பேசித் திரையில், முகம் தெரியாதவரிடம் கேட்கிறது. அங்கே நல்லவரும் இருக்கலாம், நயவஞ்சகரும் இருக்கலாம். வழிகாட்டுபவர் யார் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

சொல் இல்லை என்பதும் இனிச் சாக்காகாது. திருநங்கை, திருநம்பி, திருநர், தன்பாலீர்ப்பு என்னும் கண்ணியமான சொற்கள் இன்று தமிழில் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுரைப்படி தமிழ்நாட்டு அரசு 2022-இல் இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. பழமை வேண்டுவோர் தொல்காப்பியத்தைப் பார்க்கலாம். சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் சொல்லை ஆசிரியர் உயர்திணையில் வைத்து விதி செய்கிறார். தமிழில் இன்று கிடைக்கும் முதல் இலக்கணம் அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை. 'அது', 'இது' என்று தள்ளியது பிற்காலத்து வாய்கள்.

வேற்றூரில் நம்மிடம் புகலிடம் கேட்டு வந்த எத்தனையோ பேருக்குத் திண்ணையிலாவது இடம் தந்திருக்கிறோம். நம் வீட்டிலேயே ஒரு பிள்ளை திகைத்து நிற்குமானால், அதற்கு நாம் தர வேண்டியது பெரிய உபதேசம் அன்று. சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டல், மருத்துவர் மாற்றுவார், மந்திரவாதி மாற்றுவார் என்று அலையாதிருத்தல், படிப்பை நிறுத்தாதிருத்தல், நன்கு வாழ்ந்து காட்டிய மூத்தவர் ஒருவரை அப்பிள்ளை சந்திக்க வழி செய்தல். இந்நான்கும் போதும். இவற்றைப் பெற்றவரே செய்துவிட்டால், அப்பிள்ளை நள்ளிரவில் இரயில் ஏற வேண்டியிராது. செய்யாவிடில், முகமறியாத ஊரில் யாரோ ஒருவர் அவ்வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்த பெறாத தாயர் பலர், ஐதராபாத்தின் சந்துகளில் சிறைக்கு அஞ்சியபடியே ஒரு நூற்றாண்டைக் கழித்திருக்கின்றனர். அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய நன்றி, நம் பிள்ளைகளை அவர்களிடம் ஓடிப்போக விடாமல் நாமே ஏற்றுக்கொள்வதுதான்.